தள்ளிவிடுகிறவருக்கு எவ்வளவு கொடுப்பது?

1

விமானத்திலிருந்து நம்மைத் தன்னோடு கட்டிக்கொண்டு குதிக்கிறவருக்கு டிப் கொடுக்க வேண்டுமா? கொடுப்பதென்றால் எவ்வளவு? குதிப்பதற்கு முன்னாலா, குதித்த பின்னாலா?

மாட வீதியில் வாழைப்பூவுக்குப் பேரம் பேசிக்கொண்டிருக்கிற உங்களுக்கு இதெல்லாம் ஒரு கேள்வியாகவே படாது. "குதிக்கிறதே கிறுக்குத்தனம், இதுல இனாம் வேறயா?" என்பீர்கள். நானும் அதைத்தான் சொன்னேன். ஆனால் போன மாதம் எங்கள் கல்யாண நாள் வந்தது. மகள் பவித்ரா ஒரு வாழ்த்து அட்டையை நீட்டினாள். உள்ளே எனக்கும் என் கணவர் சேகருக்கும் ஆளுக்கொரு ஸ்கைடைவிங் டிக்கெட். சேகர் அதைப் படித்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தனக்கு முதுகு வலி என்றார். அன்று காலையில்தான் அந்த மனிதர் கார் டயரை ஒற்றை ஆளாகக் கழற்றி மாட்டியிருந்தார்.

ஆக, அரிசோனா பாலைவனத்துக்கு மேலே, ஐம்பத்தாறு வயதில், மந்தைவெளிக்காரியான நான் மட்டும் குதிப்பதென்று முடிவாயிற்று.

டிப் விஷயத்தில் இந்த ஊர் என்னை இன்னும் மிரட்டிக்கொண்டுதான் இருக்கிறது. முடி வெட்டுகிறவருக்குக் கொடுக்க வேண்டும், பல் பிடுங்குகிறவருக்குக் கொடுக்கக் கூடாது. உட்கார்ந்து சாப்பிட்டால் கொடுக்க வேண்டும், நின்றுகொண்டு வாங்கினால் நம் மனசாட்சிப்படி. காப்பிக் கடையில் அந்தப் பெண் திரையை நம் பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் கூரையைப் பார்ப்பாள். நமக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் நம் விரலைப் பார்ப்பார்கள். நம் ஊர் ஆட்டோக்காரர் "மேல போட்டுக் குடும்மா" என்று முகத்துக்கு நேரே கேட்பார், நாமும் முகத்துக்கு நேரே முடியாது என்போம். அதில் ஒரு நிம்மதி இருந்தது.

பள்ளிக்கூட அலுவலகத்தில் என்னோடு வேலை பார்க்கும் லிண்டாவிடம் கேட்டேன். அவள் மகன் போன வருஷம் குதித்தவன்.

"கட்டாயமில்லை சுமதி. ஆனால் பிடித்திருந்தால் கொடுக்க வேண்டும். ரொக்கமாக. வீடியோ எடுக்கிறவருக்குத் தனியாக."

"எப்போது?"

"தரைக்கு வந்த பிறகு. வார்களைக் கழற்றிவிடுவார்கள், கை குலுக்குவார்கள். அந்த நேரத்தில்."

"உயிரோடு வந்த பிறகா?"

"அதற்குத்தானே கொடுக்கிறோம்," என்றாள் லிண்டா.

2

நான் இவ்வளவு விசாரித்ததற்கு வேறு ஒரு காரணம் இருந்தது. என்னைக் கட்டிக்கொண்டு குதிக்கப் போகிறவன் பெயர் நேத்தன். என் மகள் பவி கல்யாணம் செய்துகொள்ள நினைக்கிற பையன்.

இதை அவள் முதலில் சொன்னது எங்கள் சமையலறையில், நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது. "அம்மா, அவர் ஸ்கைடைவிங் இன்ஸ்ட்ரக்டர்," என்றாள். "சரி, வேலை என்ன?" என்று கேட்டேன். நான் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டேன். அவள் தோசையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அதற்குப் பிறகு அவள் வீட்டுக்கு வருவது குறைந்தது. போனில் பேசினால் வானிலை பேசினாள். என் பெண்ணோடு நான் வானிலை பேசுவதற்கா இத்தனை கடல் தாண்டி வந்தேன் என்று எனக்கு ஆத்திரமாக வரும். அவளுடைய தமிழும் சின்ன வயதில் நின்ற இடத்திலேயே நிற்கிறது. "அவர் என்ன நல்லா பாத்துக்கறான்மா," என்பாள். மரியாதையும் ஒருமையும் ஒரே வாக்கியத்தில் குடித்தனம் நடத்தும். திருத்தினால் சிரிப்பாள். இப்போது திருத்தவும் பயமாக இருந்தது, எதற்குக் கோபித்துக்கொள்வாளோ என்று.

நேத்தன் எங்கள் வீட்டுக்கு இரண்டு முறை வந்தான். நல்ல உயரம், வெயிலில் வெந்த மூக்கு, அதிகம் பேசாத சுபாவம். இரண்டு முறையும் அவனுக்கு விருந்தாளிகளுக்கென்று எடுத்து வைத்திருக்கிற பீங்கான் தட்டில் போட்டு, முள்கரண்டியும் வைத்தேன். நாங்கள் மூன்று பேரும் எப்போதும்போல எவர்சில்வர் தட்டு. அது மரியாதைதானே என்று நீங்கள் கேட்கலாம். பவிக்குத் தெரியும் அது என்னவென்று. அந்தத் தட்டையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

டிக்கெட்டைக் கொடுத்தபோது அவள் சொன்னது ஒரே வரிதான். "அவர் வேலைய ஒரு தடவ பாரும்மா. அதுக்கப்புறம் வேணாம்னா வேணாம்னு சொல்லு, நான் கேட்டுக்கறேன்."

கேட்டுக்கொள்வாள் என்றுதான் எனக்கும் தோன்றியது. கேட்டுக்கொண்டுவிட்டு, அப்புறம் வாழ்நாள் பூராவும் என்னோடு வானிலை பேசுவாள்.

நானும் ஒரு திட்டம் வைத்திருந்தேன். பாண்டி பஜாரில் வாங்கி வந்த மொய்க் கவர்கள், ஒரு ரூபாய் காசு ஒட்டினவை, ஒரு கட்டு எப்போதும் என் அலமாரியில் இருக்கும். இங்கே பிறந்த நாள், கிரகப்பிரவேசம் எல்லாவற்றுக்கும் அதுதான். அதில் இரண்டை எடுத்து, மூலையில் மஞ்சள் தடவி, டாலர் நோட்டுகளை வைத்தேன். ஒன்று வீடியோ எடுக்கிறவருக்கு. ஒன்று நேத்தனுக்கு. அவனுடைய கவரில் லிண்டா சொன்னதைவிடத் தாராளமாகவே வைத்தேன். வேலை செய்தாய், கூலி வாங்கிக்கொண்டாய், நன்றி, போய் வா. ஒரு வார்த்தை கடுமையாகப் பேசாமல் விஷயத்தை முடித்துவிடலாம்.

இந்த வித்தையை நான் கற்றது என் அப்பாவிடம். அதாவது, பாதியைக் கற்றது.

3

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். மந்தைவெளியில் சாமியானாக் கடை வைத்திருந்தார். கழிகள், கயிறு, மடக்கு நாற்காலி, ட்யூப் லைட், அண்டா குண்டா எல்லாம் வாடகைக்கு. ராஜா அண்ணாமலைபுரத்து நிச்சயதார்த்தம், வடபழனி முகூர்த்தம், ஆடி மாதத்து அம்மன் கோயில் கூழ், எதற்கும் நைனாவின் பந்தல்தான். எங்கள் வீடு கடைக்கு மேலே, மாடியில். படுத்தால் தலையணையில் சணல் வாசனை வரும். இங்கே ஹார்டுவேர் கடைகளில் கயிறு விற்கிற பக்கம் போனால் நான் கொஞ்ச நேரம் சும்மா நிற்பேன். உதவி வேண்டுமா என்று யாராவது வந்து கேட்கும் வரை நிற்பேன்.

சனிக்கிழமை சாயங்காலம் கூலி. ஆட்கள் வாசலில் நிற்பார்கள். நைனா ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எண்ணி, கையில் கொடுப்பார். பெரிய முகூர்த்தம் முடிந்த வாரமென்றால் கூலி தனி, மேற்படி என்கிற இனாம் தனி. கூலியைக் கையில் கொடுப்பார், மேற்படியை வெற்றிலையில் வைத்துக் கொடுப்பார்.

"இன்னா மொதலாளி, வடபழனி வேலைக்கு மேல ஒண்ணும் கெடையாதா?" என்று யாராவது அவசரப்படுவார்கள்.

"கீதுடா. வெத்தல வாங்கியார அனுப்பிக்கீறேன். இரு."

அந்த ஆட்களில் ஒருவர்தான் சேகர். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் படித்துக்கொண்டே, லீவு நாட்களில் நைனாவிடம் சீரியல் லைட் கட்டுவார். எங்களுக்குள் பேச்சு வார்த்தை எப்படி ஆரம்பித்தது என்பதெல்லாம் உங்களுக்கு எதற்கு? ஊரில் எல்லாப் பந்தல்களிலும் விசேஷம் முடிந்த மறுநாள் சீரியல் செட்டை அவிழ்த்துவிடுவார்கள். எங்கள் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் மட்டும் பொங்கலுக்குக் கட்டின செட் பங்குனி வரை எரிந்துகொண்டே இருந்தது. ஒரு பல்பு போனாலும் மறுநாளே மாற்றப்பட்டுவிடும். நைனா ஒருநாள் தெருவில் நின்று அதை அண்ணாந்து பார்த்தார். அப்புறம் மாடி ஜன்னலில் நின்ற என்னைப் பார்த்தார்.

அறுபத்து மூவர் திருவிழா முடிந்த சனிக்கிழமை. நல்ல வசூல், ஆட்களுக்கெல்லாம் கை நிறைய. நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நைனா எல்லோரையும் கூப்பிட்டார், சேகரைக் கூப்பிடவில்லை. எல்லோருக்கும் வெற்றிலை கொடுத்தார், அவருக்கு இல்லை. கல்லாப் பெட்டியை மூடிவிட்டார். மற்ற ஆட்கள் சேகரைப் பார்க்காமல் நழுவினார்கள். சீட்டுக் கிழிந்துவிட்டது என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

"மொதலாளி, எனுக்கு இன்னும்..." என்றார் சேகர். முகத்தில் ரத்தமே இல்லை.

"உனுக்கு இன்னாய்யா?"

"கூலி..."

நைனா எழுந்து கடை விளக்கை அணைத்தார். "வூட்டு ஆளுக்கு எவன்யா கூலி குடுப்பான்? மேல போ. சோறு வெச்சிகினு ஒக்காந்துகினு கீறாங்க. கையக் கழுவிகினு துன்னு."

சேகர் உடனே மேலே வரவில்லை. சாமியானாத் துணி மூட்டைகளுக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். உறவுக்காரர்களில் பாதிப் பேர் எங்கள் கல்யாணத்துக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தார்கள். நைனா அவர்களுக்கெல்லாம் நல்ல நாற்காலியாகப் போட்டு உட்கார வைத்தார்.

4

குதிக்கிற இடத்தில் முதலில் கையெழுத்து. பக்கம் பக்கமாக, ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும். நான் சாகலாம் என்று எனக்குத் தெரியும். செத்தால் யார் மேலும் கேஸ் போட மாட்டேன். என் வாரிசுகளும் போட மாட்டார்கள். இந்த நாட்டில் என் வாழ்க்கையே இப்படித்தான் ஆரம்பித்தது, படிக்காத காகிதத்தில் கையெழுத்துப் போட்டு. பிறகு எடை பார்த்தார்கள். மெஷின் காட்டிய எண்ணை அந்தப் பெண் உரக்கச் சொன்னாள். அதற்கும் கேஸ் போட முடியாது.

மேலே போட்டுக்கொள்ளும் முழு உடுப்பில் பை கிடையாது. கைப்பையைச் சேகரிடம் கொடுத்து, "கவர் ரெண்டும் உள்ள இருக்கு, பத்திரம்," என்றேன். பவி கேட்டுக்கொண்டு நின்றாள். எதற்குக் கவர் என்று அவளுக்குத் தெரியும். அவள் முகம் சுருங்கியது. ஆனால் தன் பேச்சைக் காப்பாற்றினாள்.

நேத்தன் என் வார்களை இறுக்கினான். இழுத்துப் பார்த்தான். கொஞ்ச தூரம் போனவன் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்த்தான். நைனா பந்தல் முடிச்சை அப்படித்தான் இழுத்துப் பார்ப்பார். அந்த நினைப்பு வந்தபோது எனக்கு அவன் மேல் எரிச்சல்தான் வந்தது.

விமானம் சின்னது, வேன் மாதிரி. கதவு திறந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த ஜோடிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. வீடியோ எடுக்கிற பெண் வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். எங்கள் முறை. என் கால்கள் வெளியே, கீழே மண்ணும் ஆகாசமும். அப்போது முப்பது வருஷத்து ஆங்கிலம் மொத்தமாக என்னை விட்டுப் போய்விட்டது.

"வேணாம்ப்பா, வேணாம், விட்டுடு!" என்று கத்தினேன்.

அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் உடனே பின்னால் நகர்ந்தான். என்னையும் இழுத்துக்கொண்டு உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். வெளியே தொங்கிய பெண்ணுக்குச் சைகை காட்டி உள்ளே வரச் சொன்னான். விமானிக்கும் சைகை. என் காதருகே வந்து, "ஒன்றுமில்லை. விமானத்திலேயே கீழே போகலாம். நிறையப் பேர் அப்படிப் போவார்கள். நான் பவியிடம் காற்று சரியில்லை என்று சொல்லிவிடுகிறேன்," என்றான்.

குதித்தால்தான் அவனுக்கு அந்த முறைக்கான கூலி என்பது அப்போது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், இந்தப் பையன் என்னைத் தள்ளிவிடவில்லை. வருங்கால மாமியாரிடம் தன் வேலையைக் காட்டுவதற்கு அவனுக்குக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம் இது. அதை விட்டுவிட்டு, எனக்காக ஒரு பொய்யையும் தயார் செய்துகொண்டு, சாதாரணமாக உட்கார்ந்திருந்தான். விமானம் ஒரு வட்டம் அடித்தது. என் மூச்சு சமனப்பட்டது.

"போகலாம்," என்றேன் ஆங்கிலத்தில்.

"நிச்சயமாகவா?"

"நிச்சயமாக. நான் மறுபடி வேண்டாமென்றால் மறுபடி உள்ளே வருவாயா?"

"எத்தனை தடவை வேண்டுமானாலும்," என்றான்.

குதித்தோம். விழுந்ததைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை. கத்திய சத்தம்தான் நினைவிருக்கிறது. பிறகு பாராசூட் விரிந்தது, எல்லாச் சத்தமும் நின்றது.

மீனம்பாக்கத்தில் இறங்கும்போதெல்லாம் நான் ஜன்னல் சீட்டு கேட்டு வாங்குவேன். கடல் வரும், அடையாறு கடலில் சேர்கிற வளைவு வரும். எங்கள் கடைக்குப் பக்கத்துத் தெப்பக்குளத்தைத் தேடுவேன். பெரும்பாலும் கண்ணில் படாது. ஆனால் தேடுவேன். குளம் தெரிந்தால் கடை தெரிந்த மாதிரி, கடை தெரிந்தால் நைனா தெரிந்த மாதிரி. நைனா போனபோது நான் அந்த ஜன்னலில் இல்லை. கிரீன் கார்டு மனு நடுவில் இருந்தது. நாட்டை விட்டு வெளியே போய்வர அனுமதிக் காகிதம் வரவில்லை. எல்லாம் முடிந்து அடுத்த வாரம் வந்தது. நம் ஆபீஸ்களிலாவது யார் காலிலாவது விழலாம். இங்கே விழுவதற்கு ஒரு காலும் இல்லை, ரெக்கார்டு செய்த குரல்தான் இருந்தது.

அவ்வளவு உயரத்தில், கீழே ஒரு கடலும் குளமும் இல்லாத அந்தச் செம்மண்ணைப் பார்த்துக்கொண்டு, நான் வாய்விட்டு அழுதேன். நைனா, நைனா என்று அழுதேன். நேத்தன் என்னவென்று கேட்கவில்லை. சீக்கிரம் இறக்கிவிடவும் இல்லை. மெதுவாக, அகலமாக வட்டம் போட்டான். நான் கண்ணைத் துடைத்து, கண்ணாடியைச் சரி செய்த பிறகுதான், "இறங்கலாமா?" என்றான்.

5

இறங்கும்போது காலைத் தூக்கச் சொல்லியிருந்தார்கள். மறந்துவிட்டேன். அவன் என்னைத் தன் மேல் வாங்கிக்கொண்டு பக்கவாட்டில் விழுந்தான். எனக்கு ஒரு கீறல் இல்லை. அவன் முழங்கையில் தோல் வழன்றிருந்தது. அதை உடுப்பின் கையால் மறைத்துக்கொண்டு என் வார்களைக் கழற்றினான்.

பவியும் சேகரும் ஓடி வந்தார்கள். சேகர் என் தலையைத் தொட்டுப் பார்த்தார், தலை இருக்கிறதா என்று பார்ப்பவர்போல. வீடியோ எடுத்த பெண் சிரித்துக்கொண்டே வந்தாள். கைப்பையை வாங்கி, ஒரு கவரை எடுத்து இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தேன். ஒட்டியிருந்த ஒரு ரூபாய்க் காசைத் தடவிப் பார்த்து, அது எதற்கு என்று கேட்டாள். முழுசாக முடியக் கூடாது என்பதற்கு, தொடர வேண்டும் என்பதற்கு என்று சொன்னேன். அவளுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது.

நேத்தன் பக்கத்தில் நின்றான். அவனுடைய கவர் என் கையில் இருந்தது. பவி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அந்தக் கவரை மறுபடி கைப்பையில் போட்டு ஜிப்பை மூடினேன்.

நேத்தன் முகம் அப்படியே வாடிவிட்டது. அவன் பணத்துக்கு ஏங்கினவன் இல்லை. ஆனால் இந்த ஊர் வழக்கம் அவனுக்குத் தெரியும். பிடித்திருந்தால் கொடுப்பார்கள். பக்கத்தில் நிற்பவளுக்குக் கொடுத்துவிட்டு உனக்கு இல்லை என்றால், உன்னைப் பிடிக்கவில்லை என்று ஊரறியச் சொன்ன மாதிரி. "பரவாயில்லை," என்று தரையைப் பார்த்து முனகிவிட்டு, பாராசூட் துணியை அள்ளப் போனான்.

பவி என் மேல் பாய்ந்தாள். "அம்மா! அவளுக்குக் குடுத்தே, அவருக்கு ஏன் குடுக்கல? பிடிக்கலன்னா என்கிட்ட சொல்லுன்னுதானே சொன்னேன். எல்லார் முன்னாடியும் இப்படியா பண்ணுவே?" அவள் கண்ணில் தண்ணீர் தளும்பி நின்றது.

கொடுக்காமல் விடுவதற்குப் பின்னால் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும், அதை நைனா சொன்ன மாதிரி சொல்லத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் அது இல்லாமலே போய்விட்டதா என்று பயந்துபோய் சேகரைப் பார்த்தேன்.

சேகருக்கு மட்டும் புரிந்திருந்தது. ஜிப் மூடின சத்தத்திலேயே புரிந்திருக்க வேண்டும். முதுகு வலிக்காரர் விறுவிறுவென்று நடந்து போய், துணியை அள்ளிக்கொண்டிருந்த நேத்தனுக்கு எதிரே நின்றார். அவருடைய ஆங்கிலம் எப்போதும் சுருக்கம்.

"என் மாமனாரும் எனக்குக் கொடுக்கவில்லை," என்றார். "ஒரு சனிக்கிழமை. எல்லோருக்கும் கொடுத்தார், எனக்கு மட்டும் இல்லை. நானும் உன்னை மாதிரிதான் நின்றேன். வீட்டு ஆளுக்கு யாராவது கூலி கொடுப்பார்களா என்று கேட்டார். அன்றிலிருந்து இந்தக் குடும்பத்தில் எனக்குக் கூலி கிடையாது. சோறு மட்டும்தான்."

நேத்தன் அவரைப் பார்த்தான். பவியைப் பார்த்தான். பவி அந்தச் சனிக்கிழமையைச் சின்ன வயதில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். அது ஏதோ ஊர்க் கதை என்று விட்டுவிட்டாள். இப்போது வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

நான் கார் டிக்கியைத் திறந்தேன். தக்காளி சாதம், உருளைக்கிழங்கு வறுவல், மோர் மிளகாய். மூன்று எவர்சில்வர் தட்டும், அவனுக்கென்று கொண்டுவந்திருந்த ஒரு காகிதத் தட்டும். காகிதத் தட்டை எனக்கு வைத்துக்கொண்டேன்.

"கையக் கழுவிட்டு வாப்பா, சாப்பிடலாம்," என்றேன். தமிழில்தான் வந்தது.

பவி மொழிபெயர்க்க வாயெடுத்தாள். அதற்குள் அவன் குழாயை நோக்கி நடந்துவிட்டான்.